மொய் மேசையில் உட்காரப் போகிறவருக்கு

போன வைகாசியில் கழனிவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் மொய் மேசைக்கு ஒரு கல்லூரிப் பையனை உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். எட்டிப் பார்த்தேன். நோட்டில் "மாமா – 1001" என்று இருந்தது. "எந்த மாமா தம்பி?" என்றேன். "வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரே, அவருதான்" என்றான். மண்டபத்தில் நானூறு வெள்ளைச் சட்டை இருந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இப்போது எழுதி வைக்கிறேன்.

எனக்குக் காரைக்குடி. 1979-இல், பதினெட்டு வயதில், முதல் மொய் எழுதினேன். அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. ஐந்தொகை போட்டால் ஒரு பைசா இடிக்காது. ஆனால் ஊர்க் கல்யாணத்துக்கு மொய் எழுதக் கூப்பிட்டால் மட்டும், "அது வேற கணக்குடா" என்பார். என்ன வேறு என்று எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது.

முதலில் நோட்டு. நீள நோட்டு, கோடு போட்டது, அட்டை கெட்டியாக இருக்க வேண்டும். டைரி வேண்டாம், தனித்தாள் வேண்டவே வேண்டாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே உ போட்டு, தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, யார் வீட்டு விசேஷம், என்ன விசேஷம், எந்த இடம், எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதும்போது இது தேவையா என்று தோன்றும். இருபது வருஷம் கழித்து, பீரோவில் ஒரே மாதிரி ஏழு நோட்டு கிடக்கும்போது தேவை தெரியும். பேனா இரண்டு, இரண்டும் பந்துமுனை. மைப்பேனாவில் எழுதி, பன்னீர்ச் செம்பு கவிழ்ந்து மூன்று பக்கம் கரைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

மேசையில் இரண்டு பேர் வேண்டும். எழுதுகிறவர் பணத்தைத் தொடக் கூடாது. பணத்தை வாங்குகிறவர் பேனாவைத் தொடக் கூடாது. வாங்குகிறவர் எண்ணிவிட்டு ஊரையும் பேரையும் தொகையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுத வேண்டும். கொடுத்தவர் காதிலும் அது விழும், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். இரண்டு பேரில் ஒருவர் பெண் வீட்டுக்காரராகவோ மாப்பிள்ளை வீட்டுக்காரராகவோ இருப்பது உத்தமம். இன்னொருவர் ஊர்க்காரர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்கிற ஆளாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு தையல்காரர் இருந்தார். யார் வந்தாலும், "இது அரியக்குடி, ரைஸ்மில் வீடு, ரெண்டாவது மருமகன்" என்று என் காதுக்குள் சொல்லிவிடுவார். அவர் போன பிறகு பாதி மொய் மேசைகளுக்குக் கண் போய்விட்டது.

முதல் வரி எங்கள் வீட்டில் குலசாமி பேரில் 11 ரூபாய். அடுத்தது தாய்மாமன். இதில் மட்டும் விளையாடாதீர்கள். மாமன் வருவதற்குள் யாராவது பெரிய மனிதர் ஐயாயிரத்தோடு வந்து அவசரமாக நிற்பார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மேலே நாலு வரி இடம் விட்டு எழுதுங்கள். ஒருமுறை தேவகோட்டையிலிருந்து வர வேண்டிய மாமன் பஸ் கிடைக்காமல் தாலி கட்டிய பிறகுதான் வந்தார். அந்த நாலு வரி காலியாக இருந்ததைப் பார்த்ததும்தான் அவர் கோபம் இறங்கியது. அதுவரை சண்டைக்குத் தயாராக வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

இனி முக்கியமான சங்கதி. கட்டங்களை எந்த வரிசையில் போடுவது? பேர், தொகை, ஊர் என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். அப்பா சொல்லிக் கொடுத்தது: ஊர், வீடு, பேர், அப்புறம்தான் தொகை. தொகையை யாரும் மறக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கு அது மனப்பாடம். மறந்துபோவது ஆள்தான். எங்கள் பக்கம் ஒரே ஊரில் பத்துக் கருப்பையா, எட்டுச் சொக்கலிங்கம் இருப்பார்கள். ஊரும் சும்மா ஊர் அல்ல. கொத்தமங்கலம் என்றால் கானாடுகாத்தான் பக்கத்துக் கொத்தமங்கலமா, ஆலங்குடிக் கொத்தமங்கலமா? புதுப்பட்டி என்றால் எந்தப் புதுப்பட்டி? கேட்டு எழுதுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். "நம்ம கொத்தமங்கலந்தானே மாமா?" என்று கேட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை.

செட்டியார் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் பேருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்து வரிசையாக நிற்கும், விலாசம் என்பார்கள். தாத்தா, பாட்டன் எல்லாரும் அந்த எழுத்துகளில் உட்கார்ந்திருப்பார்கள். கூடவே எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட்டால் ஆள் மாற வழியே இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு, அதாவது இந்தச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோவில். மற்றவர்களான நமக்கு அந்த வசதி கிடையாது. நாம்தான் "கிணத்தடி வீடு", "டிரைவர் மகன்", "ராத்திரிப் பள்ளிக்கூட வாத்தியார்" என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு என் கதையைச் சொல்கிறேன்.

1988-இல் தங்கை கல்யாணம், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. நான்தான் மொய் எழுதினேன். கூட்டத்தில் ஓர் அம்மா 11 ரூபாயை என் கையில் திணித்துவிட்டு, "செஞ்சை இட்லிக்காரம்மான்னு எழுதுப்பா" என்று போய்விட்டார். அப்படியே எழுதினேன். செஞ்சையில் இட்லி விற்கிற அம்மா இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாறு வருஷம் கழித்து இட்லிக்காரம்மா மகனுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, தம்பியிடம் 21 ரூபாய் கொடுத்து அனுப்பினோம். அந்த அம்மா கொஞ்சம் முழித்தார்களாம், ஆனாலும் வாங்கி எழுதி, தம்பியை உட்கார வைத்துப் பாயசத்தோடு சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். நான் நோட்டில் செய்தாயிற்று என்று டிக் அடித்தேன். அடுத்த வருஷம் இன்னொரு சேதி வந்தது: இட்லிக்காரம்மா வீட்டில் கல்யாணம், சொல்லச் சொன்னார்கள் என்று. நோட்டைப் பார்த்தேன், டிக் இருந்தது. பழைய சேதி சுற்றி வந்திருக்கிறது என்று நினைத்து யாரும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில், உண்மையில் 11 ரூபாய் கொடுத்த இட்லிக்காரம்மா என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு ரூவாயவா கேக்குறேன்? உங்க வீட்டுலேருந்து ஒரு ஆளு வந்து எம் பந்தல்ல நிக்கலையே தாயி" என்றாராம். அம்மா மறுநாளே ஒரு சேலையும் 51 ரூபாயும் எடுத்துக்கொண்டு போனார். சேலையை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா. "கல்யாணந்தான் முடிஞ்சு போச்சே. முடிஞ்ச கல்யாணத்துக்கு மொய் எழுத நோட்டு எங்க இருக்கு?"

தப்பாக 21 ரூபாய் வாங்கிய அம்மா என்ன செய்தார் தெரியுமா? 1995-இல் என் கல்யாணத்துக்கு 51 ரூபாயோடு வந்து நின்றார். நாங்கள் திருப்பிச் செய்தோம். அவர்கள் திருப்பிச் செய்தார்கள். இன்றுவரை நடக்கிறது. எழுத்துப் பிழையில் வந்த சொந்தம்.

சரி, மேசைக்கு வருவோம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கீழே பக்கக் கூட்டல் போட்டு, அதே தொகைக்குப் பணம் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். கடைசியில் மொத்தமாகக் கூட்டினால், 500 ரூபாய் எங்கே போனது என்று ராத்திரி இரண்டு மணி வரை தேட வேண்டியிருக்கும். உறையில் வருவதைக் கொடுத்தவர் முன்னால் பிரிக்க வேண்டாம், உறைமேல் வரிசை எண்ணைப் போட்டுத் தனியாக வையுங்கள். உறையில் பேர் இல்லையென்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள். இப்போது மேசையில் கியூஆர் அட்டை வைக்கிறார்கள். போனில் அனுப்பியதும் பாதிப் பேர் நோட்டுப் பக்கமே வருவதில்லை. வங்கிக் கணக்கில் வெறும் எண்ணும் அரைகுறைப் பெயரும்தான் தெரியும். அனுப்பியவரைக் கூப்பிட்டு நோட்டிலும் எழுதுங்கள். மடிக்கணினியில் தட்டி ரசீது அச்சடித்துக் கொடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். வேகம், சுத்தம், ஊர் வாரியாகப் பட்டியல் எல்லாம் கிடைக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. "கிணத்தடி வீடு" என்று அடிக்க அதில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரத்தில் எனக்கு ஒரு மொய் மேசை. அன்றுபோலத் தாராளமாக மொய் விழுந்து நான் பார்த்ததே இல்லை. 101 எழுதுகிறவரெல்லாம் 1000 எழுதினார். வாங்காமல் இருக்க முடியுமா, வீடு தேடி வந்தவரை? பழைய நோட்டாக வந்த வரிக்கு எதிரே சின்னதாக "ப" என்று ஒரு குறி போட்டேன். பெண்ணின் அப்பா அந்த நோட்டுகளோடு வங்கி வரிசையில் மூன்று நாள் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார், "இந்த 'ப' போட்டவங்களுக்கெல்லாம் முழுசாத்தான் திருப்பிச் செய்யணுமா?" முழுசாகத்தான். குறி நமக்கு, சிரித்துக்கொள்ள.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. காதணி விழா, புதுமனை புகுவிழா மொய்க்கு அந்த விலக்கு பொருந்தாது. சொந்தக்காரர் அல்லாதவர்களிடம் இருந்து வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானத்தில் சேரும். பெரிய விசேஷம் செய்கிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, திருப்பிச் செய்வது. இதற்குத்தான் நிறையப் பேர் தூக்கம் கெடுகிறார்கள்.

பத்திரிகை வந்த அன்றே நோட்டைப் புரட்டிப் பாருங்கள், கிளம்பும் அன்று அல்ல. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுச் செய்வது வழக்கம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். 1988-இல் 11 ரூபாய் செய்தவருக்கு இன்றைக்கு 21 கொடுத்தால் அது மரியாதையா? வட்டி போட்டுப் பார்ப்பது செட்டியார் கடைக் கணக்கு, அது இங்கே ஆகாது. நான் கூலிக் கணக்கு வைத்திருக்கிறேன். அந்த வருஷம் எங்கள் வீட்டு வேலைக்கு வந்த சித்தாளுக்கு நாள் கூலி 12 ரூபாய். அப்படியென்றால் அந்த அம்மா ஏறக்குறைய ஒரு நாள் கூலியைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். இன்றைக்கு ஒரு சித்தாளுக்கு என்ன கூலி கொடுக்கிறோமோ அதைக் கொடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வருஷத்து நாள் கூலியைக் குறித்து வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இராது. அந்த இரண்டு மாதமும் கையில் மிஞ்சுவதைத் தையும் ஆவணியும் கேட்கும் என்று எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. கிழக்கே வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் தலைகீழ். அங்கே ஆடியில்தான் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், மொய்க்காகவே விருந்து. கிடா அடித்துச் சோறு போடுவார்கள், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு முறை வரும். ஒரே நாளில் லட்சக்கணக்கில் விழும். அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கடைபோலத்தான் படும். ஆனால் வங்கி வாசலில் உத்தரவாதக் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைந்தவன் நான், குறை சொல்ல வாய் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதுதான் அதன் பலவீனம் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தால் யார் யாருக்குத் திருப்பிச் செய்வது?

திருப்பிச் செய்யக் கையில் இல்லை என்றால்? என் பெரியப்பா ஒருவர், வாங்கிய 2,000 மொய்யை 3,000 ஆக்கிச் செய்ய வட்டிக்கு வாங்கினார். விசேஷத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு எழுதினார். வட்டி கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். அப்படிச் செய்யாதீர்கள். இருப்பதை எழுதுங்கள், 101 என்றாலும் எழுதுங்கள். ஆனால் முதல் நாளே போங்கள். காய் நறுக்குங்கள், பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்குங்கள், கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது. ஆனால் நான் எழுதுகிற நோட்டில் பேருக்குப் பக்கத்தில் "பந்தி" என்று ஒரு சொல் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் நோட்டை வாசிக்கும்போது அந்தச் சொல்லில் நின்று வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா வேலை பார்த்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்துக்குப் பர்மாவில் நெல் வயல் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1948-இல் அங்கே நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டார்கள். பத்திரமெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அப்படியே இருந்தது, அப்பா வருஷா வருஷம் வெயிலில் காய வைத்து எடுத்து வைப்பார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்த தெருவரை ஓடும் வீட்டில் ஆச்சியும் ஒரு சமையல்காரரும் மட்டும். ஆனால் கோவில் காரியம் வந்தால் அந்த வீட்டுக்குப் புள்ளி வரி கேட்டு ஆள் வரும். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். சொத்துக்கு ஏற்றது ஆஸ்தி வரி, அது தனி. புள்ளி வரி புள்ளிக்கு இவ்வளவு, பணக்காரருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலிலும் அப்படித்தான், முதல் பானை யாருக்கு என்று பேர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள், பெரிய வீடு சின்ன வீடு பார்ப்பதில்லை. வரி கேட்டு வருகிற அன்று ஆச்சி காலையிலேயே குளித்துவிட்டு முகப்பில் உட்கார்ந்திருப்பாராம். அப்பா சொல்வார்: "பர்மாப் பத்திரம் செல்லாமப் போச்சு. புள்ளி செல்லாமப் போகல."

நோட்டைப் பாதுகாக்கும் விஷயம் சுருக்கமாக. துணிப் பையில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், ராமபாணப் பூச்சி அண்டாது. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் வேர்க்கும். போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். துக்க வீட்டு நோட்டைத் தனியாக வையுங்கள், கலக்க வேண்டாம்.

கடைசியாக, பாகம் பிரிக்கும்போது இந்த நோட்டை மறந்துவிடாதீர்கள். வீடு, நிலம், நகை எல்லாவற்றையும் எழுதிவிட்டு மொய்யை விட்டுவிடுவார்கள். பிறகு பத்திரிகை வந்ததும் அண்ணன் செய்வான் என்று தம்பியும், தம்பி செய்வான் என்று அண்ணனும் இருந்துவிடுவார்கள். நானும் தம்பியும் அப்பா காரியம் முடிந்த மறுவாரம் திண்ணையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பிரித்தோம். தேவகோட்டைப் பக்கம் எனக்கு, திருப்பத்தூர்ப் பக்கம் அவனுக்கு. பள்ளத்தூருக்கு இரண்டு பேரும் போவது. செஞ்சை வந்ததும் அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். தப்பாக எழுதியது நான், கொண்டுபோய்க் கொடுத்துப் பாயசம் சாப்பிட்டவன் அவன். இரண்டு இட்லிக்காரம்மா வீட்டையும் இரண்டு பேர் பங்கிலும் எழுதிக்கொண்டோம்.